பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் ஸ்மார்ட்போன்: நடக்குமா, நடக்காதா?

(பலர் பதில் எழுதிய விவாதம். ஒவ்வொரு பதிவின் தலையிலும் எழுதியவரின் ஊர்ப் பெயர்.)

பாலக்கோடு | 3 அக்டோபர் 2025, இரவு 9.10

கேமரா பழசானால் கேமரா மட்டும், ரேம் போதவில்லை என்றால் ரேம் மட்டும், பேட்டரி இறங்கினால் பேட்டரி மட்டும் வாங்கி நாமே மாட்டிக்கொள்ளும் போன் ஏன் கடைக்கு வரவில்லை? கம்ப்யூட்டரில் இருபது வருடமாகச் செய்கிறோமே. கம்பெனிகள் வேண்டுமென்றே தடுக்கிறார்கள் என்பதுதான் என் எண்ணம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி | 3 அக்டோபர் 2025, இரவு 10.45

தம்பி, பாதி சரி. உங்கள் கையில் இருக்கும் பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய் போனைத் திறந்து பாருங்கள். மேலே மெயின் போர்டு, நடுவில் பேட்டரி, கீழே சார்ஜிங் பின்னும் மைக்கும் உள்ள சப் போர்டு. இரண்டு போர்டையும் சேர்க்க ஒரு ஃபிளெக்ஸ் பட்டை, அதாவது வளையும் மெல்லிய மின்பட்டை. முன் கேமரா, பின் கேமரா, ஸ்பீக்கர், வைப்ரேட்டர், கைரேகை சென்சார், டிஸ்ப்ளே காம்போ (திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்தது) எல்லாம் தனித்தனி. கேமராவும் டிஸ்ப்ளேவும் சாமணத்தால் நெம்பி எடுத்து, அழுத்தி மாட்டும் கனெக்டர்தான். அதாவது பாகம் பாகமான போன் ஏற்கெனவே சட்டைப் பையில் இருக்கிறது. மூடி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது, பாகம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அடுத்த மாடலுக்குப் பொருந்துவதில்லை. தடை இந்த மூன்று இடத்தில்.

நீங்கள் கேட்பதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கெட்டுப்போனதை அதே பாகத்தால் மாற்றுவது ஒன்று. இருப்பதைவிட உயர்ந்ததை ஏற்றுவது இன்னொன்று. முதலாவது நடக்கும், நடக்கவே வேண்டும். இரண்டாவதில் ரேமும் பிராசசரும் நடக்காது. கேமரா அபூர்வமாக நடக்கும். காரணம் நாளைக்கு எழுதுகிறேன்.

அரூர் | 4 அக்டோபர் 2025, காலை 7.20

டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்குங்க. 1980-ல ஓசூர்ல டிவிஎஸ் 50 வந்தது. இன்னைக்கும் மொபெட்டுக்கு கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ, பிளக் எல்லாம் எந்தச் சின்ன ஊர்லயும் கெடைக்குது. போன் மட்டும் ரெண்டு வருஷத்துல காம்போ கெடைக்காம போகுது. அந்த மாதிரி ஒரு போன் வேணும், அவ்வளவுதான் என் கோரிக்கை.

கிருஷ்ணகிரி | 4 அக்டோபர் 2025, காலை 8.05

அரூர்க்காரர் சொன்னது நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம், ஆனால் ரேமுக்குப் பொருந்தாது. மொபெட்டில் கேபிள் அரை அங்குலம் நீளமாக வந்தால் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். போனில் வரும் எல்பிடிடிஆர்5 வகை ரேம் ஒரு கம்பியில் நொடிக்கு 6400 மெகாபிட் வரை அனுப்புகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 156 பிகோ விநாடி, அதாவது 0.156 நானோ விநாடி. போர்டில் சிக்னல் ஒரு நானோ விநாடிக்கு (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) சுமார் 15 சென்டிமீட்டர் ஓடும். அப்படியென்றால் ஒரு பிட்டின் நீளமே 2.3 சென்டிமீட்டர். நடுவில் ஒரு கனெக்டர் வைத்தால் அங்கே சிக்னல் கொஞ்சம் திரும்பி அடிக்கும், பல கம்பிகளின் நீளமும் சமமாக வராது. அதனால்தான் பல போன்களில் ரேமை பிராசசரின் தலைமேலேயே வைத்துப் பற்றவைக்கிறார்கள். இடையில் கம்பி ஓட்டமே இல்லை.

லேப்டாப்பிலும் இதே கதைதான். கழற்றி மாட்டுவதற்கென்றே பெயர் பெற்ற ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2025-இல் அறிவித்த மேசைக் கணினியில் ரேமைப் பற்றவைத்துத்தான் தருகிறது. அதில் இருக்கும் ஏஎம்டி பிராசசரின் வேகத்துக்குக் கழற்றும் ரேமில் சிக்னல் நிற்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அத்தனை இடம் இருக்கும் பெட்டியிலேயே இந்த நிலை.

ஓசூர் | 4 அக்டோபர் 2025, மதியம் 1.30

போர்டு அசெம்பிளி பக்கம் இருந்து சொல்கிறேன். கிருஷ்ணகிரி அண்ணா "அழுத்தி மாட்டும் கனெக்டர்" என்று எளிதாக எழுதிவிட்டார். அதற்கும் ஆயுள் உண்டு. போனுக்குள் இருக்கும் போர்டு-டு-போர்டு கனெக்டரில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 0.35 அல்லது 0.4 மில்லிமீட்டர். தயாரிப்பாளர் உறுதி கொடுப்பது 30 தடவை கழற்றி மாட்டுவதற்கு. வெளியே இருக்கும் யூஎஸ்பி-சி பின்னுக்கு 10,000 தடவை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால் பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும். பயனர் வாரம் ஒருமுறை கழற்றும் பாகத்துக்கு உள் கனெக்டரைப் போட முடியாது. வெளி கனெக்டர் போட்டால் உயரம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல், அகலம் ஒன்பதுக்குக் கிட்ட. ஒரு போனில் அதை ஐந்து இடத்தில் வைத்தால் பேட்டரிக்கு இடம் எங்கே?

ஓசூர் | 4 அக்டோபர் 2025, மதியம் 1.55

திருத்தம். 30 என்பது 0.4 மி.மீ. வகைகள் பலவற்றுக்கு. 0.35 மி.மீ. வகைகளில் பல 10 தடவைதான். மடக்குத் தாழ்ப்பாள் வைத்த ஃபிளெக்ஸ் கனெக்டரும் பெரும்பாலும் 10, 20 தடவைக்குள்.

அரூர் | 4 அக்டோபர் 2025, மாலை 6.15

பத்துத் தடவைன்னா சர்வீசுக்கு அது தாராளம். ஒரு போன் ஆயுசுல பேட்டரி ரெண்டு தடவ மாத்துவாங்க. ஆனா பேட்டரி கனெக்டரைச் சாய்ச்சு அமுக்குறதாலதான் அதுக்கு முன்னாடியே போகுது. ஒரு முனையில விரலை வெச்சு நெம்புகோல் மாதிரி அமுக்கினா பிளாஸ்டிக் சுவர் வெடிச்சிரும். ரெண்டு பக்கமும் சமமா உக்கார்ந்ததைக் கையால உணர்ந்துட்டு, அப்புறம் நடுவுல நேரா அமுக்கணும். "டிக்"னு ஒரு சத்தம் வரும். வரலைன்னா உக்காரலை, திரும்ப எடுத்துப் பாருங்க. பலத்தைக் கூட்டாதீங்க.

கிருஷ்ணகிரி | 4 அக்டோபர் 2025, இரவு 9.30

பேட்டரிக்கு வருவோம். என் பார்வையில் இந்த விவாதத்தின் உயிர் இதுதான்.

5000 எம்ஏஎச் பேட்டரி, 3.85 வோல்ட். பெருக்கினால் 19.25 வாட்-மணி. பை வடிவ செல்லாகச் செய்தால் சுமார் 62 × 88 × 5 மி.மீ. வரும். பை என்றால் வெள்ளிநிற மெல்லிய உறை, நகம் பட்டாலும் கிழியும். பயனர் கையில் கொடுக்க வேண்டுமானால் சுற்றிலும் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு வேண்டும். ஓடு 0.5 மி.மீ. என்று வைத்தால், வெளி அளவு மாறாமல் உள்ளே 61 × 87 × 4 மட்டும் மிஞ்சும். கன அளவு 27,280 கன மி.மீ.-இலிருந்து 21,228-க்கு இறங்குகிறது. 5000 எம்ஏஎச் 3900-க்கு வந்துவிட்டது. அகலத்திலும் நீளத்திலும் போனது அற்பம். 5 மி.மீ. தடிமனில் 1 மி.மீ. போனதுதான் அடி.

கம்பெனிகள் பசைக்குப் போனதற்கு லாபக் கணக்கும் உண்டு, மறுக்கவில்லை. அதோடு இந்த ஒரு மில்லிமீட்டரும் உண்மையான காரணம்.

ஓசூர் | 5 அக்டோபர் 2025, காலை 6.50

அண்ணா, கணக்கு கடுமையாகப் போய்விட்டது. ஓடு 0.5 வேண்டாம், பெரிய முகங்களில் 0.3 போதும். இன்னொன்று, ஒட்டிய பேட்டரிக்கும் இடச்செலவு உண்டு. பசை டேப், பேட்டரியைப் பெயர்த்தெடுக்க இழுக்கும் பட்டை, செல் வீங்கினால் டிஸ்ப்ளேவைத் தள்ளாதபடி விடும் இடைவெளி. இவற்றைக் கழிக்காமல் ஒப்பிடக் கூடாது.

கிருஷ்ணகிரி | 5 அக்டோபர் 2025, காலை 8.40

ஒத்துக்கொள்கிறேன். 0.3 என்று போட்டால் 61.4 × 87.4 × 4.4. சுமார் 23,600 கன மி.மீ., அதாவது 4300 எம்ஏஎச். நேற்றைய 3900-ஐ மறந்துவிடுங்கள்.

சந்தையில் இருக்கும் போன்களும் இந்த எண்ணுக்கு அருகில்தான் நிற்கின்றன. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் 5, 2023-இல் வந்தது, நகத்தால் மூடியை எடுத்து மாற்றும் பேட்டரி, 4200 எம்ஏஎச். சாம்சங்கின் எக்ஸ்கவர் 7, 2024, கழற்றும் பேட்டரி, 4050 எம்ஏஎச். நம் நாட்டிலும் நிறுவனங்களுக்கென்று விற்கிறார்கள். தடிமன் 10.2 மி.மீ., எடை 240 கிராம். ஒட்டிய போன்கள் 8 மி.மீ., 190 கிராம் சுற்றி. தடிமனில் 2 மி.மீ., எடையில் 50 கிராம். பேட்டரியைத் தானே மாற்றிக்கொள்ளும் உரிமைக்கு இந்த விலை எனக்குச் சம்மதம். பையில் கனம் தெரியக் கூடாது என்பவர்களுக்குச் சம்மதம் இல்லாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை.

பாலக்கோடு | 5 அக்டோபர் 2025, காலை 10.00

கூகுள் செய்து பார்த்ததே, அது ஏன் நின்றது? மோட்டோ இசட்டும் வந்ததே?

கிருஷ்ணகிரி | 5 அக்டோபர் 2025, மதியம் 3.20

சுருக்கமாக.

2013 செப்டம்பரில் டேவ் ஹக்கன்ஸ் என்ற டச்சு வடிவமைப்பாளர் ஃபோன்பிளாக்ஸ் என்று ஒரு காணொளி போட்டார். அதே ஆண்டு அக்டோபரில், அப்போது கூகுள் கையில் இருந்த மோட்டோரோலா, புராஜெக்ட் ஆரா என்ற பாகம் பாகமான போனை அறிவித்தது. மோட்டோரோலாவை லெனோவோவுக்கு விற்றபோதும் இந்தக் குழுவை கூகுள் தன்னிடமே வைத்துக்கொண்டது. எலும்புக்கூடு போன்ற சட்டம், அதில் சதுரம் சதுரமாகப் பாகங்கள், பிடித்து வைக்க மின்சாரத் துடிப்பில் பிடியை மாற்றும் காந்தம். 2015-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் சோதனை விற்பனை என்றார்கள், அது நடக்கவில்லை. 2016 மே மாதம் புது வடிவம் காட்டினார்கள். அதில் பிராசசர், ரேம், டிஸ்ப்ளே எல்லாம் சட்டத்துக்குள்ளேயே நிரந்தரம், ஆறு இடம் மட்டும் கழற்றி மாட்ட. அந்த வருடம் செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

2016 மே மாத மாற்றத்தைக் கவனியுங்கள். தம்பி முதலில் கேட்ட ரேமும் பிராசசரும் அப்போதே பட்டியலை விட்டுப் போய்விட்டன. மிச்சம் இருந்தது கேமரா, ஸ்பீக்கர் மாதிரி ஓரத்துப் பாகங்கள். அதற்காக ஒரு சட்டம், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உறை, பாகத்தைச் சட்டத்தோடு பேச வைக்கத் தனி பிரிட்ஜ் சிப், தனி மின் சீரமைப்பு. கேமராவை நேராக மாட்டினால் ஒரு கனெக்டர் போதும். பாகமாக்கினால் கேமராவோடு இத்தனையும் சேர்த்து வாங்க வேண்டும்.

எல்ஜி ஜி5, 2016. கீழ்த் தாடையை இழுத்தால் பேட்டரி கூடவே வரும், அந்த இடத்தில் கேமரா பிடியோ ஆடியோ பெட்டியோ மாட்டலாம். ஒவ்வொரு தடவையும் போன் அணைந்து திரும்ப ஏறும். அடுத்த ஆண்டு ஜி6-இல் எடுத்துவிட்டார்கள். மோட்டோ இசட்டும் 2016-தான், முதுகில் 16 ஊசிமுனை, காந்தம், மேலே ஸ்பீக்கர், புரொஜெக்டர், ஜூம் கேமரா. இது 2019 வரை ஓடியது. பழைய பாகம் புதுப் போனுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் நான்கு தலைமுறைக்கும் முதுகின் அளவும் ஊசிகளின் இடமும் மாற்ற முடியவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள், அதற்கு மரியாதை. ஆனால் மற்றவர்கள் திரையை நீட்டியபோது அவர்கள் கை கட்டுப்பட்டிருந்தது.

ஓசூர் | 5 அக்டோபர் 2025, மாலை 4.10

ஆண்டெனாவை விட்டுவிட்டீர்கள். போனின் உலோகச் சட்டமே ஆண்டெனாவின் பகுதி. பக்கத்தில் எந்தப் பாகம் இருக்கிறது, அதில் எவ்வளவு உலோகம் என்பதைப் பொறுத்து அலைவரிசை நகரும். உடலில் ஏறும் கதிர்வீச்சுக்கு நம் நாட்டில் 1 கிராம் திசுவுக்குச் சராசரி 1.6 வாட்/கிலோ வரம்பு. ஆறு இடம், ஒவ்வொன்றிலும் ஐந்து வகைப் பாகம் என்றால் சேர்க்கை 15,625. எதைச் சோதித்து யார் கையெழுத்துப் போடுவது? அதே ஆண்டெனா, அதே இடம் என்று வைத்து, கெட்டதை மட்டும் மாற்றினால் இந்தத் தலைவலியே இல்லை.

கிருஷ்ணகிரி | 5 அக்டோபர் 2025, மாலை 4.40

15,625 என்பது இடம் மாறினால் தனிச் சேர்க்கை என்று எண்ணியதால். சில இடங்களில் சில பாகங்கள்தான் பொருந்தும் என்றால் குறையும். ஆனால் நீங்கள் சொல்லும் கருத்து நிற்கிறது.

அரூர் | 5 அக்டோபர் 2025, இரவு 8.25

எங்க பக்கம் வர்ற போன்ல பாதி சார்ஜிங் கேஸ். அதுக்கு என்ன பண்றதுன்னு எழுதிடறேன், வீட்ல செய்யறவங்களுக்கு உதவும்.

முதல்ல டார்ச் அடிச்சு சார்ஜிங் பின்னோட ஓட்டைக்குள்ள பாருங்க. பஞ்சு, தூசி அடைச்சிருந்தா மரக்குச்சியைச் சீவி மெதுவா எடுங்க. ஊசி, பின் போடாதீங்க, நடு நாக்கு வளைஞ்சா கதை முடிஞ்சுது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறையில வேலை செய்யறவங்க போன்ல மாவு மாதிரி தூள் இறுகிப் போயிருக்கும். அதை ஈரத்தோட சார்ஜ் போட்டா பின் பச்சை புடிச்சு அரிச்சிரும். 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) ரெண்டு சொட்டு, மெல்லிய பிரஷ், ஆறு மணி நேரம் காய விடுங்க.

அப்பவும் ஏறலைன்னா சப் போர்டு. நெறைய மாடலுக்கு சில நூறு ரூபாய்க்குள்ள வரும். பெங்களூர் எஸ்.பி. ரோட்லயோ சென்னை ரிச்சி தெருவுலயோ எடுக்கலாம். வாங்கறப்ப மாடல் பேர் மட்டும் பாக்காதீங்க. ஒரே பேர்ல ரெண்டு மூணு போர்டு வரும். பழசைக் கழட்டி, போர்டுல அச்சடிச்ச நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. வேகமா சார்ஜ் ஏற்ற ஐசி (சிப்) இல்லாத மலிவு போர்டும் அதே வடிவத்துல வரும், மாட்டினா சார்ஜ் ஏறும் ஆனா மெதுவாத்தான்.

மாட்டறப்ப திருகு கலக்காதீங்க. நீளத் திருகைக் குட்டைத் திருகு இடத்துல போட்டா மெயின் போர்டோட உள்வரி கிழியும். காகிதத்துல போன் படம் வரைஞ்சு, எடுத்த திருகை அந்தந்த இடத்துல குத்தி வைங்க.

கிருஷ்ணகிரி | 6 அக்டோபர் 2025, காலை 7.00

அரூர்க்காரர் எழுதியதோடு ஒன்று. எதைக் கழற்றினாலும் முதலில் பேட்டரி கனெக்டர். பேட்டரி இணைப்பு இருக்கும்போதே டிஸ்ப்ளே கனெக்டரை எடுத்தால் பின்விளக்கு வரியில் பொறி பட்டு ஃபில்டரோ ஐசியோ போகும். போன் ஓடும், திரை இருட்டாக இருக்கும். காம்போ மாற்றினாலும் சரியாகாது. திரும்ப மாட்டும்போது பேட்டரி கடைசி.

தூளைப் பற்றி அவர் சொன்னது நம் கேள்விக்கும் நேராகப் பொருந்துகிறது. வெளியே திறந்திருக்கும் ஊசிமுனைத் தொடுபுள்ளியில் தூளும் வியர்வையும் படிந்தால் மின்தடை ஏறும். 0.1 ஓம் என்று வையுங்கள். 3 ஆம்பியர் இழுக்கும்போது 0.3 வோல்ட் அங்கேயே இறங்கிவிடும். பேட்டரி 3.6 வோல்ட்டில் இருந்தால் போனுக்குப் போய்ச் சேர்வது 3.3. கேமரா ஃபிளாஷ் போட்டதும் அணையும். 20 சதவீதம் காட்டும்போதே போன் செத்துவிட்டது என்று கொண்டு வருவார்கள். தொடுபுள்ளி எத்தனை கூடுகிறதோ, இந்தப் புகாரும் அத்தனை கூடும். ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக் கூடைக்கு நடுவே, ஜல்லி கிரஷரில், மாம்பழக்கூழ் ஆலையின் பிசுபிசுப்பில் தாங்க வேண்டிய போனுக்கு ஆறு திறந்த வாய் கூடாது. ஒன்று, பேட்டரிக்கு மட்டும், அதுவும் மூடிக்குள்ளே.

பாலக்கோடு | 6 அக்டோபர் 2025, காலை 9.15

ஒகேனக்கல் பரிசலில் போன் நனைவது எங்கள் பக்கம் வாடிக்கை. மூடி கழன்றால் தண்ணீர் போகாதா? அதற்குத்தானே ஒட்டுகிறார்கள்?

கிருஷ்ணகிரி | 6 அக்டோபர் 2025, மதியம் 12.50

ஒட்டினால்தான் தண்ணீர் போகாது என்பதை ஏற்க முடியாது. 2014-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்5 கழற்றும் மூடியோடு ஐபி67 என்ற தூசி, தண்ணீர்த் தடைத் தரம் வாங்கியது. மேலே சொன்ன எக்ஸ்கவர் 7 ஐபி68. மூடியின் உட்புறம் ரப்பர் வளையம், சுற்றிலும் கொக்கிகள். நடக்கும்.

ஆனால் கவனம் தேவை. ரப்பர் வளையத்தின் மேல் ஒரு முடி கிடந்தாலே தண்ணீர் புகும். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் ஈரத்துணியால் வளையத்தையும் அது உட்காரும் விளிம்பையும் துடைத்து, சுற்றி வந்து எல்லாக் கொக்கியையும் அழுத்த வேண்டும். ஃபேர்ஃபோன் 5 ஐபி55 மட்டும், தெறிக்கும் தண்ணீருக்கு ஓகே, முழுகினால் இல்லை. அது பத்துப் பாகமாகப் பிரியும் போன், எக்ஸ்கவரில் பயனர் தொடுவது பேட்டரி மட்டும். பிரியும் இடம் கூடக்கூடத் தண்ணீர்த் தடை கீழே வருகிறது.

ஒட்டிய போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை சூடுகாட்டித் திறந்து, கடையில் பி-7000 பசையால் மூடிய பிறகு பழைய ஐபி தரம் இல்லை. அதை நம்பிப் பரிசலில் ஏறாதீர்கள்.

அரூர் | 6 அக்டோபர் 2025, இரவு 7.40

எல்லாத்தையும் விடுங்க, நோக்கியா பிஎல்-5சி பேட்டரி. 2003 வாக்குல வந்தது. இன்னைக்கும் பெட்டிக்கடை வரைக்கும் இருக்கு. பட்டன் போன், எஃப்எம் ரேடியோ, குட்டி ஸ்பீக்கர் எல்லாம் அதே அளவு. ஸ்மார்ட்போனுக்கும் அப்படி ஒண்ணு வந்தா போதும்.

கிருஷ்ணகிரி | 6 அக்டோபர் 2025, இரவு 9.55

இதைத்தான் மூன்று நாளாகச் சொல்ல வருகிறேன், அரூர்க்காரர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எனக்கு வேண்டியது ஆராவின் ஆறு சதுரம் இல்லை. ஸ்மார்ட்போன் பேட்டரிக்கு மூன்று நான்கு பொது அளவு. கெட்டி ஓடு, நான்கு தொடுபுள்ளி: கூட்டல், கழித்தல், வெப்பம் அறியும் தெர்மிஸ்டர், அடையாளம். எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் இந்த அளவுகளில் ஒன்று. சார்ஜிங் பின்னில் இது நடந்துவிட்டது. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதுப் போன் எல்லாம் யூஎஸ்பி-சி. அதற்கு முன் ஆளுக்கொரு பின் வைத்திருந்தவர்கள் எல்லோரும் வழிக்கு வந்தார்கள். பேட்டரிக்கு வராது என்று சொல்ல இயற்பியல் காரணம் ஏதும் இல்லை. மேலே போட்ட கணக்கில் 700 எம்ஏஎச் போகும், அவ்வளவுதான்.

பிஎல்-5சியில் ஒரு பாடமும் இருக்கிறது. 2007-இல் ஒரு காலகட்டத்தில் தயாரான 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகளைச் சூடேறும் ஆபத்துக்காக மாற்றித் தருவதாக நோக்கியாவே அறிவித்தது. அசல் சரக்கிலேயே அது. பொது அளவு வந்தால் போலியும் சேர்ந்தே வரும். 5000 எம்ஏஎச் செல் 1000 எம்ஏஎச் செல்லைவிட ஐந்து மடங்கு சக்தியை அடக்கியிருக்கிறது, போலியானால் தீயும் அதற்கேற்ப. வாங்கும்போது ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர முத்திரையும் பதிவு எண்ணும் பாருங்கள், எண்ணை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) செயலியில் போட்டுச் சரிபாருங்கள். எடையையும் பாருங்கள். நல்ல 5000 எம்ஏஎச் செல் 65, 70 கிராம் இருக்கும். 45 கிராம் நிறுத்தால் உள்ளே சரக்கு இல்லை.

ஓசூர் | 7 அக்டோபர் 2025, காலை 6.30

சட்டப் பக்கம் சேர்க்கிறேன். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்ற முடிய வேண்டும். ஸ்மார்ட்போனுக்கு 2025 ஜூன் 20 முதல் தனி விதி ஓடுகிறது. அதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 500 சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 83 சதவீதம், 1000 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் கொள்ளளவு நின்று, தண்ணீர்த் தடையும் இருந்தால் பயனர் கழற்ற முடிய வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய கம்பெனிகள் அந்த வாசல் வழியாகத்தான் போகும் என்று நினைக்கிறேன். அதே விதியில் எனக்குப் பிடித்தது வேறு: விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டு உதிரிபாகம் கொடுக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி | 7 அக்டோபர் 2025, காலை 8.15

அந்த 7 ஆண்டுதான் நமக்கு வேண்டியது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று நுகர்வோர் துறை ஒரு தளம் திறந்தது. தகவல் தருகிறது. பாகம் தரும் கட்டாயம் இன்னும் வரவில்லை. அது வராமல் போனை எத்தனை பாகமாகப் பிரித்தாலும் பயனில்லை.

பாகம் கையில் இருந்தும் வேலை செய்யாத நிலையும் உண்டு. சில கம்பெனிகள் திரை, பேட்டரி, கேமராவின் வரிசை எண்ணை மெயின் போர்டோடு கட்டிவைக்கின்றன. அதே மாடலின் அசல் திரையை இன்னொரு போனிலிருந்து எடுத்து மாட்டினாலும் எச்சரிக்கை வரும், சில வசதி நிற்கும். திரைக்குள் கைரேகை இருக்கும் போனில் அளவீடு திரும்பச் செய்தால்தான் விரலைப் படிக்கும், அது நியாயமான தேவை. ஆனால் அந்த அளவீட்டு மென்பொருளைப் பூட்டி வைப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2024-இல் இந்தப் பூட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. தம்பி முதல் கேள்வியில் "வேண்டுமென்றே தடுக்கிறார்கள்" என்று எழுதியது இந்த இடத்தில் முழுக்கச் சரி. முதல் நாள் நான் அதைப் பாதி என்று ஒதுக்கியது அவசரம்.

பாலக்கோடு | 7 அக்டோபர் 2025, மாலை 5.30

நன்றி அண்ணா. கேமரா "அபூர்வமாக நடக்கும்" என்றீர்களே, அது எது?

கிருஷ்ணகிரி | 7 அக்டோபர் 2025, மாலை 6.45

ஃபேர்ஃபோன் 3, 2019. அடுத்த ஆண்டு 3+ வந்தபோது அதன் 48 மெகாபிக்சல் பின் கேமராவும் 16 மெகாபிக்சல் முன் கேமராவும் தனியாக விற்கப்பட்டன, பழைய 3-இல் மாட்டலாம். அதே கனெக்டர், அதே அளவு கூடு, இரண்டு சென்சாருக்கும் டிரைவர் ஒரே மென்பொருளில். மூன்றும் ஒரே கம்பெனி கையில் இருந்ததால் முடிந்தது. அடுத்த மாடலில் உடல் மாறியது, பொருத்தமும் போனது.

மென்பொருள்தான் கடைசி முடிச்சு. ஃபேர்ஃபோன் 2-க்கு 2015 முதல் 2023 வரை அப்டேட் கொடுத்தார்கள், சிப் தயாரிப்பாளர் கைவிட்ட பிறகும். 5-இல் தொழிற்சாலைக் கருவிகளுக்கான குவால்காம் சிப்பைப் போட்டார்கள், அந்த வகைக்கு நீண்ட கால ஆதரவு உண்டு என்பதற்காக. வங்கிச் செயலி ஓடாத போனுக்குப் புதுப் பேட்டரி போட்டு என்ன செய்வது? இந்த போன் நம் நாட்டில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. வெளியிலிருந்து வரவழைத்தால் உதிரிபாகத்துக்கும் அதே பாடு.

பாலக்கோடு | 7 அக்டோபர் 2025, இரவு 8.00

சரி, பதினைந்தாயிரத்துக்குள் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

அரூர் | 7 அக்டோபர் 2025, இரவு 8.35

வாங்கறதுக்கு முன்னாடி பக்கத்து சர்வீஸ் கடையில மூணு கேள்வி கேளுங்க: காம்போ என்ன விலை, எத்தனை நாள்ல வரும், பின்மூடி பிளாஸ்டிக்கா கண்ணாடியா. போன் விலையில கால் பங்குக்கு மேல காம்போ போனா வேற மாடல் பாருங்க. அதிகம் வித்த மாடலை எடுங்க, பாகம் வருஷக்கணக்குல கெடைக்கும். புதுசா வந்த வாரத்துல வாங்காதீங்க.

கிருஷ்ணகிரி | 7 அக்டோபர் 2025, இரவு 9.20

அதோடு, பேட்டரியில் இழுக்கும் பட்டை இருக்கிறதா என்று யாராவது பிரித்துக் காட்டிய காணொளியில் பாருங்கள். பட்டை இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாமல் நேராக ஒட்டியிருந்தால் ஓரத்தில் ஐபிஏ நான்கைந்து சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, பழைய பிளாஸ்டிக் கார்டை நுழைத்து மெல்லப் பிரிக்க வேண்டும். உலோகத்தால் நெம்பாதீர்கள், செல் மடிந்தால் உள்ளே ஷார்ட் ஆகிப் புகையும். பேட்டரி 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். திருகு வைத்த பின்மூடியோடு சிஎம்எஃப் ஃபோன் 1 என்று 2024-இல் ஒன்று வந்தது, மூடியைத் திருகு எடுத்து மாற்றலாம். ஆனால் அதிலும் பேட்டரி ஒட்டியதுதான், மூடியைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பின்மூடியைத் திறக்க: 80 டிகிரி தட்டில் மூன்று நிமிடம், உறிஞ்சு கப், பிக் எனும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு. பிக்கை 3 மி.மீ.-க்கு மேல் நுழைக்காதீர்கள். பக்கவாட்டுப் பட்டனின் ஃபிளெக்ஸ் அங்கேதான் ஓடும்.

கிருஷ்ணகிரி | 8 அக்டோபர் 2025, காலை 6.10

நேற்று எழுதிய 80 டிகிரி, போனின் முதுகைத் தட்டின் மேல் வைக்கும்போது. திரைப்பக்கத்தை வைக்காதீர்கள், ஓஎல்இடி திரையில் மஞ்சள் படலம் விழும், திரும்ப வராது. பிளாஸ்டிக் மூடிக்கு 60 போதும், கூடினால் நெளியும். பி-7000 பூசி மூடிய பிறகு ரப்பர் பேண்டு சுற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். இரண்டு மணி நேரத்தில் கையில் எடுத்தால் மூலை தூக்கிக்கொள்ளும்.